கேமராவுக்கு எந்த பேட்டரி? அச்சிட்ட எண்ணும் கைக்கு வரும் ஆற்றலும்

பேட்டரி தீர்ந்துவிட்டது என்ற எச்சரிக்கை திரையில் தோன்றி, நீட்டிய லென்ஸை உள்ளே இழுக்கவும் வலுவில்லாமல் கேமரா நின்றுபோன பிறகு, அதிலிருந்து எடுத்த ஏஏ செல்களில் ஒன்றைச் சுவர்க் கடிகாரத்தில் போட்டால் அது மாதக்கணக்கில் ஓடும். எங்கள் வீட்டுக் காதுகுத்து ஒன்றில், மொட்டை அடித்து முடித்துக் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்த நேரத்தில் கேமரா அணைந்துபோனது. செல்கள் அன்று காலையில்தான் கடையில் வாங்கிப் போட்டவை. எடுத்த படங்கள் ஐம்பதுகூட இருக்காது. காது குத்தும்போது குழந்தை வீறிட்டு அழுத அந்த முகம் எங்களிடம் படமாக இல்லை. ஆனால் அன்று கழற்றிய செல்களில் ஒன்று கூடத்துக் கடிகாரத்தை அடுத்த பொங்கல் வரை ஓட்டியது.

அந்தச் செல்லில் ஆற்றல் இருந்தது. கேமரா கேட்ட வேகத்தில் அதை வெளியே கொடுக்கத்தான் அதனால் முடியவில்லை. பேட்டரி வாங்கும்போது நாம் பெரும்பாலும் ‘எவ்வளவு கொள்ளும்’ என்ற ஒரே கேள்வியோடு கடையில் நிற்கிறோம்; உறையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் மில்லி ஆம்பியர் மணி எண்ணும் அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. கேமராவைப் பொறுத்தவரை அதற்கு முன்பே கேட்க வேண்டியது, கேட்ட நொடியில் கொடுக்குமா என்பது.

சுவர்க் கடிகாரம் ஒரு மில்லி ஆம்பியருக்கும் மிகக் குறைவான மின்னோட்டத்தைத்தான் எடுக்கிறது. டிஜிட்டல் கேமராவின் கதை வேறு. அதை இயக்கிய கணத்திலிருந்து உணரியும், படத்தைச் செயலாக்கும் சில்லும், பின்புறத் திரையும் இடைவிடாமல் மின்சாரம் எடுக்கின்றன. அதன்மேல் ஜூம் மோட்டார் ஓடும்போது ஓர் இழுப்பு, குவியம் தேடும்போது ஓர் இழுப்பு, படத்தை அட்டையில் எழுதும்போது இன்னொன்று. ஃப்ளாஷ் உள்ள கேமராவாக இருந்தால், ஒவ்வொரு வெளிச்சத்துக்குப் பிறகும் அதன் மின்தேக்கியை ஏறத்தாழ 300 வோல்ட் அளவுக்கு மீண்டும் நிரப்பியாக வேண்டும். இரண்டு ஏஏ செல்களில் இயங்கும் சிறிய கேமரா இந்த நேரங்களில் ஒரு ஆம்பியரையோ அதற்கு மேலோ இழுப்பது சாதாரணம்.

எல்லா பேட்டரிக்குள்ளும் ஓர் அக மின்தடை உண்டு. மேல்நிலைத் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் இறங்கும் குழாய் குறுகலாக இருந்தால், நான்கு குழாய்களை ஒன்றாகத் திறந்தவுடன் எல்லாவற்றிலும் நூலாகத்தான் ஒழுகும். அதுபோல மின்னோட்டம் கூடக்கூட இந்தத் தடையிலேயே மின்னழுத்தத்தின் ஒரு பகுதி விழுந்துவிடுகிறது. பாதி பயன்படுத்திய அல்கலைன் செல் ஒன்று சும்மா இருக்கும்போது 1.3 வோல்ட் காட்டுவதாகவும் அதன் அகத்தடை 0.3 ஓம் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு ஆம்பியர் இழுத்த உடனே அது 1.0 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அப்படி இரண்டு செல்கள் சேர்ந்து தரும் 2.0 வோல்ட்டைப் பார்த்து, பேட்டரி முடிந்துவிட்டதாகக் கேமரா முடிவு செய்கிறது. இழுப்பு நின்றதும் மின்னழுத்தம் மீண்டும் ஏறிக்கொள்ளும். சிறிது நேரம் கழித்து இயக்கினால் இரண்டு மூன்று படங்கள் எடுத்துவிட்டு மறுபடி அணைவதற்கும், செல்லை வெயிலில் வைத்து எடுத்தால் கொஞ்சம் ஓடும் என்ற பழைய நம்பிக்கைக்கும் இதுவே காரணம்.

ஏஏ என்பது ஓர் அளவின் பெயர் மட்டுமே; ஏறத்தாழ 14.5 மில்லிமீட்டர் விட்டம், 50.5 மில்லிமீட்டர் நீளம். அந்த உருளைக்குள் என்ன வேதியியல் இருக்கிறது என்பதை உறையில் சிறிய எழுத்தில் உள்ள குறியீடு சொல்லிவிடும். ‘ஆர்6’ என்று மட்டும் இருந்தால் அது ஜிங்க் கார்பன், அதாவது பெட்டிக்கடையில் கிடைக்கும் மலிவான செல். ‘எல்ஆர்6’ அல்கலைன். ‘எச்ஆர்6’ சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. ‘எஃப்ஆர்6’ ஒருமுறை பயன்படுத்தும் லித்தியம். ஜிங்க் கார்பன் செல்லைக் கேமராவில் போடவே கூடாது. ரிமோட்டுக்கும் கடிகாரத்துக்கும் அது போதும். அன்று காதுகுத்தில் எங்களைக் கைவிட்டதும், பிறகு உறையைத் திருப்பிப் பார்த்தபோது, வெறும் ஆர்6தான். அல்கலைன் அவசரத்துக்கு ஆகும். சிறு மின்னோட்டத்தில் 2,500 மில்லி ஆம்பியர் மணிக்கு மேல் தரக்கூடிய நல்ல அல்கலைன் செல்லும், ஒரு ஆம்பியர் இழுத்தால் அதில் பாதியைக்கூடத் தருவதில்லை. கேமராவை அலமாரியில் வைக்கும்போது அல்கலைன் செல்லை உள்ளேயே விட்டுவிடுவதால் வரும் கேடு வேறு: அதிலுள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து, தொடர்பு வில்களை வெள்ளைப் படிவமாகப் பூத்து அரித்துவிடும். ஒரு செல்லின் விலைக்கு முழுக் கேமராவையும் இழந்தவர்கள் உண்டு.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லைப் பற்றி ஒரு தயக்கம் இன்னும் பரவலாக இருக்கிறது. அல்கலைன் 1.5 வோல்ட், இது 1.2 வோல்ட்தான், ஆகவே வலு குறைவு என்பது அந்தத் தயக்கம். எண்களைப் பார்த்தால் அது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அல்கலைன் செல்லின் 1.5 வோல்ட் அதன் வாழ்வின் தொடக்கத்தில் மட்டுமே உண்மை. அங்கிருந்து அது சரிவாக இறங்கிக்கொண்டே போகும். நிக்கல் செல் தன் வாழ்வின் பெரும்பகுதியை 1.2 வோல்ட்டை ஒட்டியே கழித்துவிட்டுக் கடைசியில்தான் சட்டென்று விழுகிறது. அதன் அகத்தடையோ நல்ல செல்களில் 0.03 ஓம் அளவுக்குச் சிறியது. ஒரு ஆம்பியர் இழுத்தாலும் நூறில் மூன்று வோல்ட்தான் குறையும். முன் சொன்ன அல்கலைன் செல் 1.0 வோல்ட்டில் தத்தளிக்கும் அதே இடத்தில் இது ஏறத்தாழ 1.2 வோல்ட்டைத் தாங்கிப் பிடித்து நிற்கிறது. காகிதத்தில் குறைவாகத் தெரிவது, சுமை ஏறும்போது மேலே இருக்கிறது.

இந்தத் தட்டையான போக்கினால் ஒரு சிறு சிக்கலும் உண்டு. மின்னழுத்தத்தைப் பார்த்தே எவ்வளவு மீதி இருக்கிறது என்று கேமரா கணிப்பதால், அல்கலைனுக்காக அளவு செய்யப்பட்ட காட்டி நிக்கல் செல்லைப் பார்த்துத் தொடக்கத்திலேயே பாதி தீர்ந்ததாகக் காட்டும். அல்லது கடைசி வரை நிறைவாகக் காட்டிவிட்டுத் திடீரென்று அணைந்துவிடும். இதற்காகத்தான் நிக்கான் கூல்பிக்ஸ் வரிசையில் ஏஏ செல் போடும் கேமராக்களின் மெனுவில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்க ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள். செல் வகையை மாற்றிய பலர் அந்த அமைப்பை மாற்றுவதே இல்லை.

பழைய நிக்கல் செல்களுக்கு இருந்த உண்மையான குறை, சும்மா வைத்திருந்தாலே தீர்ந்துபோவது. சார்ஜ் செய்து பையில் வைத்த செல் இரண்டு மாதம் கழித்து எடுக்கும்போது கைவிடும். 2005-இல் சான்யோ நிறுவனம் எனிலூப் என்ற பெயரில் கொண்டுவந்த செல் இந்தக் குறையைப் பெரிதும் போக்கியது. ஓராண்டுக்குப் பிறகும் 85 சதவீதம் மீதம் இருக்கும் என்று அது அறிவித்தது. சான்யோ பின்னர் பானசோனிக்கின் கைக்குப் போனதால் இன்று அது பானசோனிக் பெயரில் வருகிறது. இதே வகைச் செல்களை மற்ற நிறுவனங்களும் ‘சார்ஜ் செய்து விற்பவை’ என்ற குறிப்போடு தருகின்றன. கேமராவுக்கோ ஃப்ளாஷுக்கோ ஏஏ வாங்குவோர் இந்த வகையை வாங்கினால் போதும் என்பது என் கருத்து. 2,000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட சாதாரண எனிலூப் 2,100 முறை வரை சார்ஜ் செய்யத்தக்கது என்கிறார்கள். 2,500 அளவுள்ள அதன் ப்ரோ வகைக்கு அந்த எண் 500தான். ஒரே உருளைக்குள் கூடுதல் கொள்ளளவைத் திணித்தால் ஆயுளில் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. நிக்கல் ஏஏ செல்லின் மீது 3,000-க்கு மேல் எண் அச்சிட்டிருந்தால் அதை நம்ப வேண்டாம். அந்த அளவு உருளையில் 2,700, 2,800-தான் எல்லை.

செல்லுக்குக் கொடுக்கும் கவனத்தை அதன் சார்ஜருக்கு யாரும் கொடுப்பதில்லை. செல் நிறைந்ததும் அதன் மின்னழுத்தம் மிகச் சிறிதளவு இறங்குவதைக் கண்டுகொண்டு நிறுத்துவதுதான் நல்ல சார்ஜரின் வேலை. மலிவானவை நேரத்தை மட்டும் எண்ணும், அல்லது இரண்டிரண்டாக மட்டுமே ஏற்றும். ஜோடியில் ஒன்று பாதி நிறைவோடும் மற்றது காலியாகவும் உள்ளே போனால், ஒன்று கொதிக்க மற்றது அரைகுறையாக வெளியே வரும். அந்த ஜோடியைக் கேமராவில் போட்டால் பலவீனமான செல் முதலில் தீர்ந்து, மற்றச் செல்கள் அதன் வழியே மின்னோட்டத்தைத் தள்ளி அதன் முனைகளையே தலைகீழாக்கிவிடும். அப்படி ஒருமுறை ஆன செல் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும் சார்ஜருக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பது வீண்போகாது. ஒன்றாக வாங்கிய நான்கு செல்களுக்கு ஒரே எழுத்தை மார்க்கரால் எழுதி, அவற்றை எப்போதும் ஒன்றாகவே போட்டு ஒன்றாகவே சார்ஜ் செய்து வந்தால் பாதிப் பிரச்சினை எழாது.

ஒருமுறை பயன்படுத்தும் லித்தியம் ஏஏ செல் விலை உயர்ந்தது, ஆனால் தன் இடத்தில் நிகரற்றது. ஒரு ஆம்பியர் இழுத்தாலும் ஏறத்தாழ 3,000 மில்லி ஆம்பியர் மணி தரும். எடை 15 கிராம்தான். அல்கலைன் 23 கிராம். உறைபனிக்கு மிகக் கீழே, மைனஸ் 40 டிகிரி வரை வேலை செய்யும் என்று அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் பையின் மூலையில் கிடந்தாலும் தயாராக இருக்கும். மலையேறுபவருக்கும், ஆபத்து நேரத்துக்கு ஒரு ஜோடி கூடுதலாக வைத்திருக்க விரும்புபவருக்கும் ஏற்றது. ஆனால் வெளிப்புற ஃப்ளாஷில் அதைப் போடலாமா என்பதைக் கையேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தொடர்ந்து வேகமாக வெளிச்சமிடும்போது இவ்வகைச் செல் மிகவும் சூடாகும் என்பதால், சில ஃப்ளாஷ் கையேடுகள் இதைத் தடை செய்கின்றன.

இணையக் கடைகளில் ஏஏ அளவிலேயே வேறு இரண்டு பொருள்கள் இப்போது கலந்து கிடக்கின்றன. ‘14500’ என்ற எண்ணோடு வருவது 3.7 வோல்ட் லித்தியம் அயன் செல்; அளவு ஒன்றாக இருப்பதால் கேமராவுக்குள் கச்சிதமாகப் போய் உட்காரும். ஆனால் நான்கு சேர்ந்தால் 6 வோல்ட் எதிர்பார்க்கும் இடத்தில் 15 வோல்ட்டுக்கு அருகில் வந்து, மின்சுற்றையே எரித்துவிடும். மற்றது, உள்ளே லித்தியம் அயன் செல்லையும் மின்னழுத்தத்தைக் குறைக்கும் சிறு சுற்றையும் வைத்து, வெளியே சீராக 1.5 வோல்ட் தரும் சார்ஜ் செல். இது ஆபத்தில்லை. ஆயினும் இதன்மேல் அச்சிடுவது பெரும்பாலும் மில்லி வாட் மணி, அதாவது மில்லி ஆம்பியர் மணியை மின்னழுத்தத்தால் பெருக்கிய எண். 3,000 மில்லி வாட் மணி என்றால் 1.5 வோல்ட்டில் 2,000 மில்லி ஆம்பியர் மணிதான். எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது எனிலூப்பைவிடப் பாதி மடங்கு கூடுதலாகத் தெரியும். ஆற்றலாகக் கணக்கிட்டால் 2.4 வாட் மணிக்கு எதிராக 3 வாட் மணி, அவ்வளவே.

இன்று விற்கும் கேமராக்களில் மிகப் பெரும்பாலானவை அந்தந்த நிறுவனத்தின் லித்தியம் அயன் பேட்டரியைத்தான் ஏற்கின்றன. 1991-இல் சோனி இவ்வகை பேட்டரியை முதன்முதலாக வணிக அளவில் கொண்டுவந்தது. இதன் அடிப்படையை உருவாக்கிய ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. எந்த வேதியியல் என்ற கேள்வியை இது நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டது. எந்தத் தலைமுறை, அசலா மாற்றா, எத்தனை வேண்டும் என்ற மூன்று கேள்விகள்தான் நம்மிடம் மிஞ்சின.

இவற்றை ஒப்பிடுவதற்கு மில்லி ஆம்பியர் மணி போதாது. மின்னழுத்தத்தையும் பெருக்கி வாட் மணியாக்கிப் பார்க்க வேண்டும். சோனியின் பழைய என்பி-எஃப்டபிள்யூ50 பேட்டரி 7.2 வோல்ட்டில் 1,020 மில்லி ஆம்பியர் மணி, அதாவது 7.3 வாட் மணி. நான்கு எனிலூப் செல்கள் சேர்ந்தால் 9.6 வாட் மணி வரும் என்பதால், ஏஏ கேமராக்களை ஏளனமாகப் பார்த்தவர்களின் பையில் இருந்தது அவற்றைவிடச் சிறிய பேட்டரிதான். 2017-இல் சோனி கொண்டுவந்த என்பி-எஃப்இசட்100 அதே 7.2 வோல்ட்டில் 2,280, அதாவது 16.4 வாட் மணி; இரண்டேகால் மடங்கு. பழையதைப் பயன்படுத்திய ஏ7 கேமராவின் இரண்டாம் பதிப்பு ஒரு சார்ஜில் திரை வழியாக 350 படங்கள் எடுக்கும் என்று மதிப்பிடப்பட்டது. புதியதைப் பயன்படுத்தும் ஏ7 மூன்றாம் பதிப்பு 710. ஏறத்தாழ ஆற்றல் கூடிய அளவுக்கே படமும் கூடியிருக்கிறது.

ஆனால் இந்தக் கணக்கு எப்போதும் இவ்வளவு நேராக வராது என்பதற்கு நிக்கானின் இரண்டு கேமராக்களைப் போன்ற சான்று வேறில்லை. 2017-இல் வந்த டி850 என்ற எஸ்எல்ஆர் கேமரா ஒரு சார்ஜில் 1,840 படங்கள் எடுக்கும் என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த மிரர்லெஸ் கேமராவான இசட்7-க்கு அந்த எண் 330. இரண்டிலும் உள்ளது ஒரே இஎன்-இஎல்15 குடும்பத்து பேட்டரி. இரண்டிலும் 1,900 மில்லி ஆம்பியர் மணிதான். எஸ்எல்ஆர் கேமராவில் கண்ணாடி வழியாக நாம் நேரே காட்சியைப் பார்க்கிறோம். பார்ப்பதற்கு மின்சாரம் தேவையில்லை. மிரர்லெஸ் கேமராவிலோ கண்ணை வைத்த நேரமெல்லாம் உணரியும் சில்லும் மின்னணுக் காட்சிக்கண்ணும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே எஸ்எல்ஆரில் பேட்டரியைத் தீர்ப்பது நாம் எடுக்கும் படம்; மிரர்லெஸில் நாம் காத்திருக்கும் நேரம். வேடந்தாங்கலில் ஒரு நத்தைகுத்தி நாரை சிறகை விரிக்கட்டும் என்று அரை மணி நேரம் கண்ணை எடுக்காமல் நிற்பவர், ஒரு படமும் எடுக்காமலே கணிசமான ஆற்றலைச் செலவழித்துவிடுகிறார்.

இந்தப் படக் கணக்கை எடுக்கும் முறையை வகுத்தது ஜப்பானின் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிபா. 23 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், முப்பது நொடிக்கு ஒரு படம். ஜூம் இருந்தால் ஒவ்வொரு படத்துக்கும் அதை இயக்க வேண்டும். ஃப்ளாஷ் இருந்தால் ஒன்று விட்டு ஒன்றுக்கு முழு வலுவில் வெளிச்சமிட வேண்டும். பத்துப் படத்துக்கு ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்க வேண்டும். கேமராக்களை ஒன்றோடொன்று ஒப்பிட இது மிக நல்ல அளவுகோல். நம் கையில் எத்தனை படம் வரும் என்பதற்கு இது பதிலாகாது. தாலி கட்டும் நேரத்தில் நொடிக்குப் பத்து வீதம் தொடர்ந்து அழுத்துபவர் 330 என்று குறிக்கப்பட்ட கேமராவில் ஆயிரத்தைத் தாண்டிவிடுவார். எடுத்த ஒவ்வொரு படத்தையும் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பவர் 330-ஐயே தொடமாட்டார். வீடியோவுக்கு வாட் மணிக் கணக்கு நேரடியாகப் பயன்படும்: கேமரா ஏழு வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 16.4 வாட் மணி பேட்டரி இரண்டு மணி இருபது நிமிடம் தாங்கும். புதுக் கேமரா வாங்கியவர்கள், நிறைந்த பேட்டரி ஒன்றைப் போட்டுத் தங்கள் பழக்கப்படி ஒரு நாள் முழுதும் எடுத்து, அணையும் நேரத்தையும் படங்களின் எண்ணிக்கையையும் குறித்து வைத்துக்கொள்வதுதான், எத்தனை பேட்டரி வேண்டும் என்பதற்கு நான் அறிந்த நம்பகமான வழி.

உருவம் ஒன்றாக இருந்தும் உள்ளே மாறிக்கொண்டே வரும் தலைமுறைகளைக் கவனிக்க வேண்டும். கேனானின் எல்பி-இ6 முதலில் வந்தபோது 1,800 மில்லி ஆம்பியர் மணி. பிறகு எல்பி-இ6என் 1,865 ஆனது. 2020-இல் ஆர்5 கேமராவோடு வந்த எல்பி-இ6என்ஹெச் 2,130. மூன்றும் ஒரே குழியில் பொருந்தும். ஆனால் ஆர்5-இல் பழையவற்றைப் போட்டால் தொடர்ந்து படமெடுக்கும் உச்ச வேகம் குறைந்துவிடும். முதல் தலைமுறை எல்பி-இ6-ஐ யுஎஸ்பி கம்பி வழியாகக் கேமராவுக்குள் வைத்தே சார்ஜ் செய்யவும் முடியாது. நிக்கானில் இசட் வரிசைக் கேமராவுக்குள் வைத்துச் சார்ஜ் செய்ய வேண்டுமானால் இஎன்-இஎல்15 என்ற பெயரின் இறுதியில் ‘பி’ அல்லது ‘சி’ இருக்க வேண்டும். 2016-இல் டி500 கேமரா வந்தபோது, ‘லி-அயன்01’ என்று அச்சிட்ட பழைய இஎன்-இஎல்15 அதில் எதிர்பார்த்ததைவிட விரைவில் தீர்ந்ததாகக் காட்ட, ‘லி-அயன்20’ என்று அச்சிட்ட பேட்டரியை நிக்கான் மாற்றிக் கொடுத்தது. இரண்டுக்கும் பெயரும் ஒன்று, எண்ணும் ஒன்று. பழைய கேமராவை விற்கும்போது அதன் பேட்டரிகளைப் புதியதற்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்தச் சிறு எழுத்துகளை முதலில் படிக்க வேண்டும்.

அசல் பேட்டரி விலை அதிகம். அந்த விலை முழுவதும் பெயருக்காக என்று சொல்வது பாதி உண்மைதான். கேமரா பேட்டரியின் முனையில் நேர்முனை, எதிர்முனை தவிரக் கூடுதலாகத் தொடர்புகள் இருப்பதைப் பார்க்கலாம். அவற்றின் வழியே வெப்பநிலையும், மீதமுள்ள அளவும், இது எந்த பேட்டரி என்ற அடையாளமும் கேமராவுக்குப் போகின்றன. மாற்று பேட்டரி செய்பவர்கள் இந்தப் பேச்சைத் தாங்களாகவே கண்டறிந்து ஒப்பிக்கிறார்கள்; கேமராவின் மென்பொருள் புதுப்பிக்கப்படும்போது அந்த ஒப்பித்தல் பொருந்தாமல் போகலாம். இருந்தும், பெயரும் உத்தரவாதமும் உள்ள நிறுவனத்தின் மாற்று பேட்டரியை உதிரியாக வைத்துக்கொள்வதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். அசல் ஒன்று கேமராவுக்குள், மாற்று ஒன்றோ இரண்டோ பையில் என்பது நியாயமான ஏற்பாடு. தவிர்க்க வேண்டியவை, பெயரில்லாத மலிவுச் சரக்கும், அசலின் பெயரைத் தாங்கி வரும் போலியும்.

அப்படிப்பட்ட மலிவு பேட்டரி ஒன்றை நான் ஒரு முறை வாங்கினேன். எட்டு மாதம் நன்றாகவே ஓடியது. ஒரு நிச்சயதார்த்தத்தில் படமெடுத்துக்கொண்டிருந்தபோது தீர்ந்ததால் மாற்றலாம் என்று மூடியைத் திறந்தால், அது வெளியே வரவில்லை. நடுவில் வயிறு புடைத்தது போல உப்பி, குழியின் சுவர்களை இறுக்கிக்கொண்டு நின்றது. நெம்பி எடுத்தால் துளையாகித் தீப்பிடிக்கலாம் என்பதால் அப்படியே கொண்டுபோய்ப் பழுது பார்ப்பவரிடம் கொடுக்க வேண்டியிருந்தது. செல்லுக்குள் இருக்கும் எலெக்ட்ரோலைட் திரவம் சிதைந்து வாயு உண்டாவதால் வரும் உப்பல் இது. அசல் பேட்டரியும் முதுமையில் உப்பக்கூடும். தரமற்ற செல்லும் பாதுகாப்புச் சுற்றும் இருந்தால் அது சீக்கிரமே நேரும். தட்டையான மேசையில் வைத்துச் சுண்டினால் சுழலும் பேட்டரி உப்பத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். அதன்பின் கேமராவுக்குள் அதைப் போடக் கூடாது.

இந்தியாவில் விற்கும் இவ்வகை பேட்டரிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு. உறையில் ‘ஐஎஸ் 16046’ என்ற தர எண்ணும், ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். அது இல்லாததை வாங்காமல் இருப்பதே முதல் வடிகட்டல். அசலைவிட வெகு தூரம் கூடுதலான கொள்ளளவு அச்சிட்டிருந்தாலோ, கையில் எடுத்தால் அசலைவிட எடை குறைவாகத் தெரிந்தாலோ சந்தேகப்பட வேண்டும். உள்ளே இருக்கும் பொருளின் அளவைப் பொறுத்ததே ஆற்றல் என்பதால், எடை அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது.

வாங்கிய பிறகு லித்தியம் அயனின் பெரிய பகை வெப்பம். நிறைந்த நிலையில் வெப்பத்தில் கிடப்பது அதைவிடக் கேடு. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் 60 டிகிரியைத் தொடக்கூடும். அங்கே கேமராப் பையை ஒரு பகல் முழுதும் விட்டுவைப்பது அதன் ஆயுளை நேரடியாக அரிப்பதாகும். பல வாரங்களுக்குப் பயன்படுத்தப் போவதில்லை என்றால், பாதி அளவு சார்ஜோடு, வீட்டின் குளிர்ந்த மூலையில், கேமராவுக்கு வெளியே வைக்க வேண்டும். கேமரா அணைந்திருந்தாலும் உள்ளே இருக்கும் கடிகாரம் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டே இருக்கும். முற்றிலும் வற்றிப் பல மாதம் கிடந்த பேட்டரியைப் பாதுகாப்புச் சுற்று மீண்டும் ஏற்க மறுத்துவிடும். ஒவ்வொரு முறையும் முழுதாகத் தீர்த்த பிறகே சார்ஜ் செய்ய வேண்டும் என்ற பழக்கம் நிக்கல் காட்மியம் காலத்தது. லித்தியம் அயனுக்கு அது நன்மை செய்வதில்லை.

குளிரில் நிலைமை வேறு. லடாக்கிலோ மார்கழி மாதத்து ஊட்டி அதிகாலையிலோ பேட்டரி பாதியிலேயே தீர்ந்ததாகக் காட்டினால் அது இறந்துவிடவில்லை. வேதிவினை மந்தமாகி அகத்தடை கூடியிருக்கிறது. அதைக் கழற்றிச் சட்டையின் உட்பையில் உடம்போடு ஒட்டி வைத்துவிட்டு மற்றொன்றைப் போட்டால், கால் மணி நேரத்தில் முதலாவது மீண்டும் பயன்படும். ஆனால் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் பேட்டரியை அப்படியே சார்ஜரில் போடக் கூடாது. உள்ளே உலோக லித்தியம் படிந்து நிரந்தரக் கேடு உண்டாகும்.

விமானத்தில் உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட் மணி வரை முன் அனுமதி தேவையில்லை. சாதாரண கேமரா பேட்டரி அதை நெருங்காது என்பதால் கவலையில்லை. வீடியோக்காரர்கள் பயன்படுத்தும் பெரிய வி-மவுன்ட் பேட்டரிகள் பல 98, 99 வாட் மணியில் செய்யப்படுவது இந்த எல்லைக்காகத்தான். முனைகள் நாணயத்திலோ சாவியிலோ படாதபடி மூடி போட்டோ தனித்தனி உறையிலோ வைக்க வேண்டும்.

வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் ஒவ்வொரு பேட்டரியின் மேலும் எழுதி வைப்பது, எது முதலில் சோர்கிறது என்று அறிய உதவும். புதிதாக இருந்தபோது கொடுத்த படங்களில் பாதிதான் இப்போது தருகிறது என்றால் அதை முக்கிய நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கிவிடலாம். ஃப்ளாஷுக்குச் சலித்துப்போன நிக்கல் செல்கள் சுவர்க் கடிகாரத்திலும் வயர்லெஸ் சுட்டியிலும் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். லித்தியம் அயனுக்கு அப்படி இரண்டாம் வாழ்வு கிடையாது. அதை வீட்டுக் குப்பையோடு போட்டால் குப்பை வண்டியின் அழுத்தத்தில் நசுங்கித் தீப்பிடிக்கக்கூடும். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர் மீதும் இறக்குமதியாளர் மீதும் சுமத்துகின்றன. முனைகளின் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்திலோ நிறுவனத்தின் சேவை மையத்திலோ கொடுத்துவிட வேண்டும். உப்பிய பேட்டரியாக இருந்தால் அதுவரை மணல் நிரப்பிய தகர டப்பாவில், வீட்டுக்கு வெளியே வைத்திருப்பது பாதுகாப்பானது.